பக்கம் மூன்று, பிற குறிப்புகள்

பெரியவர்களுக்கும் மார்க் போடுவார்களா என்று கேட்கிறாய், மிர்டெல்.
போடுவோம்.
டார்ட்டு நகரத்துக் கூரைகள் மேல்
மூன்றரை மணிக்கே இருட்டு வந்து உட்காருகிற
இந்த டிசம்பரில்தான் போடுவோம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
என் கோட்டில் மணக்கும் அந்த வெந்நீராவி உனக்குத் தெரியும்.
பதினொரு பேர் மடிக்கிறார்கள்.
நான் மேற்பார்க்கிறேன், அதாவது
கையில் ஒரு தட்டைக் கணினியோடு நடக்கிறேன்.

வருடம் பிறந்ததும் ஒரு வாக்குக் கொடுப்பார்கள்.
அதற்கு இலக்கு என்று பேர்.
மணிக்குத் தொண்ணூறு விரிப்பு, இது ஐவோ கொடுத்தது.
தினமும் பல் தேய்ப்பேன் என்று எழுதி
நீ குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாள் மாதிரி.
தேய்த்த நாளுக்கு ஒரு மஞ்சள் சூரியன்.
வியாழக்கிழமைகள் மட்டும் ஏன் காலி என்று
இப்போது கேட்கமாட்டேன்.

ஜூனில் ஒரு பேச்சு. அதற்குப் பின்னூட்டம் என்று பேர்.
"நன்றாகச் செய்கிறாய், ஆனால்..."
ஆனாலுக்குப் பின்னால் வருவதுதான் விஷயம்.
முன்னால் வருவது சர்க்கரை.
எனக்கு இன்னும் சர்க்கரை அளவு பிடிபடவில்லை.
தலையணை உறையை உள்பக்கம் தெரிய மடிக்கிறாய் என்றேன்,
காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அழுதாள் கேர்து.
உறைக்காக அழவில்லை என்று
ஆகஸ்டில்தான் தெரிந்தது.

கடைசியில் எண். ஒன்றிலிருந்து ஐந்து வரை.
ஐந்து இரண்டு பேருக்குத்தான்.
ஒன்று, ஒருவருக்காவது.

"எல்லாரும் நன்றாகச் செய்தால்?"

இதையே தாலின் அலுவலகத்திடம் நானும் கேட்டேன்.
பதிலுக்கு ஒரு படம் வந்தது:
நடுவில் உப்பி இரண்டு பக்கமும் சரிகிற ஒரு மலை.
இந்த நாட்டில் அவ்வளவு பெரிய மலை
நான் பார்த்ததில்லை.

சரி, இப்போது விர்வே.
மணிக்கு அறுபத்தொன்று.
ஏன் குறைவு என்றால், அவள்
ஒவ்வொரு அங்கியின் பையிலும் கையை விட்டுப் பார்க்கிறாள்.
இந்த வருடம் கிடைத்தவை:
காதுக் கருவி இரண்டு, விரலுக்குச் சிறுத்துப்போன மோதிரம்,
யாரோ மடித்து மடித்து வைத்த ஒரு கடிதம்
(பிரிக்காமலே வார்டுக்கு அனுப்பினாள்),
பஞ்சில் சுற்றிய ஒரு பால்பல்.
இயந்திரம் மடிப்புகளை எண்ணும்.
பைகள் இருப்பதே அதற்குத் தெரியாது.

"யாருடைய பல்?"
மூன்றாம் வார்டுப் பையன். உன் வயசு.
சாயங்காலத்துக்குள் அவன் தலையணைக்கு அடியில் போய்விட்டது.
"அவன் விர்வேவுக்கு எத்தனை போட்டான்?"

அவனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை, கண்ணு.

நீ எழுந்துபோய்க்
குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றாய், எனக்கு முதுகைக் காட்டி.
"வியாழக்கிழமை நான் அப்பா வீட்டில்.
அங்கேயும் தேய்க்கிறேன்.
தாள்தான் இங்கே இருக்கிறது."

பதினைந்து வியாழக்கிழமைகள், மிர்டெல்.
நான் எண்ணி வைத்திருந்தேன்.

நீ தூங்கிவிட்டாய்.
போன வருடம் விர்வேவுக்கு நான் போட்டது இரண்டு.
அதை உன்னிடம் சொல்லவில்லை.
எனக்கு மார்க் போடுகிற ராய்கோ
ஜனவரியில் தாலினிலிருந்து ரயிலில் வருவான்,
உப்பிய மலையோடு.

பக்கம் மூன்றில் பிற குறிப்புகள் என்று நாலு வரி இடம்.
இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.
காதுக் கருவியை எழுதினேன். மோதிரத்தை எழுதினேன்.
கடிதத்தைப் பாதியில் வெட்டிவிட்டது.
எல்லாவற்றையும் அழித்துவிட்டுப்
பல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன்.
எண்ணுக்கான கட்டம் மேலே காலியாக இருக்கிறது,
நாளை வியாழன்.